மௌனம் சம்மதம் அல்ல

பெண் பார்க்கும் கூடங்களில் நெடுங்காலம் புழங்கிய வழக்கு ஒன்று நம்மிடம் உண்டு: மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி. தலைகுனிந்து நின்ற பெண் ஒன்றும் சொல்லவில்லை. எனவே அவளுக்குச் சம்மதம் என்று பெரியவர்கள் தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள். மறுப்பதற்கு அந்தக் கூடத்தில் அவளுக்கு இடம் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. முடிவை முன்பே எடுத்துவிட்டவர்களின் வசதிக்குப் பயன்பட்ட வாசகம் அது. அந்தக் கூடங்களிலேயே இன்று அதன் செல்வாக்குக் குறைந்துவிட்டது. நம் கைபேசிகளை ஆளும் விதிகளில் மட்டும் அது இன்னமும் செங்கோல் ஓச்சுகிறது.

விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்த, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2007 முதல் விதிகள் இயற்றி வருகிறது. 2007, 2010, 2018 என மூன்று பெரும் விதித்தொகுதிகள், அவற்றுக்குப் பல திருத்தங்கள், அவ்வப்போது ஆணைகள். இவை அனைத்தின் அடியிலும் ஓடும் எண்ணம் ஒன்றே: 'வேண்டாம்' என்று நீங்கள் பதிவு செய்யாத வரை, பதிவு பெற்ற விற்பனையாளருக்கு உங்கள் கதவு திறந்தே இருக்கிறது. இந்த அடிப்படை தவறு. இதை மாற்றாமல் மேலே எத்தனை மாடி கட்டினாலும் கட்டடம் நிற்காது. இதுவே என் வாதம்.

இலக்கிய வாசகர்களுக்கு இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நண்பர் ஒருவர் கேட்டேவிட்டார்: "அந்த எண்ணைத் தடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதானே? கொசுக்கடிக்கெல்லாம் கட்டுரையா?" கொசுவை அடிப்பது பற்றிய கட்டுரையாக இருந்தால் அவர் கேட்டது சரி. இது சம்மதம், அழைப்பு, அனுப்புநர் என்ற மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியது. சொற்களின் பொருள் கண்முன்னே திரிக்கப்படும்போது அதைச் சுட்டுவது மொழி படித்தவர்களின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

அழைப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அழைப்பவர் வீட்டுக்காரர், அழைக்கப்படுபவர் விருந்தினர். திருமண அழைப்பிதழிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் இந்த உறவுதான் இருக்கிறது. அழைப்பு இல்லாமல் வருகிறவருக்கு 'அழையா விருந்தாளி' என்று பெயர்; அதில் இருக்கும் இளக்காரம் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி வந்தபோது இந்த உறவு தலைகீழானது. உள்ளே நுழைகிறவரே 'அழைப்பவர்' ஆனார். தெரிந்தவர்கள் பேசிக்கொண்ட வரையில் இதனால் ஒன்றும் கெடவில்லை. வணிகம் அந்த வழியில் நுழைந்த பிறகுதான், நம் வீட்டுக்குள் நம்மை அழைக்கிற உரிமை முன்பின் தெரியாதவருக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எழுகிறது.

குறுந்தொகையின் 118ஆம் பாட்டு நினைவிருக்கலாம். பலரும் வந்து போகும் வீடு. இரவில் வாயிலை அடைக்கும் முன், உள்ளே வர இன்னும் எவரேனும் இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். தலைவன் வரவில்லையே என்ற தலைவியின் துயரம்தான் அப்பாட்டின் உயிர். ஆனால் அந்த வீட்டின் ஒழுங்கையும் பாருங்கள். விருந்தை மறுக்காத வீடு அது. என்றாலும் கேட்கிறவர்கள் வீட்டார், அடைக்கிறவர்களும் வீட்டார். அடைத்த கதவை மறுநாள் திறப்பதற்கு அவர்கள் எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டியதில்லை, அடைப்பதற்கும் வேண்டியதில்லை. கதவு வீட்டாருடையது என்பது அங்கே பேசாமலே ஏற்கப்பட்ட உண்மை.

*

இனி விதிகளின் வரலாற்றுக்கு வருவோம்.

2007 ஜூனில் வந்த முதல் விதித்தொகுதி 'அழைக்க வேண்டாம்' என்ற பெயரில் தேசியப் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. பெயரிலேயே அதன் தத்துவம் இருந்தது. அழைப்பது இயல்பு, வேண்டாமென்பது விலக்கு. விலக்கு வேண்டுவோர் வரிசையில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு போதவில்லை என்று ஆணையமே உணர்ந்தது. 2010இல் வெளியிட்ட கலந்தாய்வு ஆவணத்தில், இதற்கு மாறாக 'அழைக்கலாம்' என்று விரும்பிப் பதிவு செய்தவர்களை மட்டும் அழைக்கும் முறை மேலும் பயனளிக்குமா என்ற கேள்வியை எழுப்பியது. சரியான கேள்வி அது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த விதிகளிலோ விடை பழையபடியே இருந்தது. வங்கியும் காப்பீடும், வீட்டுமனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருளும் வாகனமும், தகவல்தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா என்று ஏழு வகைகள் பிரிக்கப்பட்டன. எவை வேண்டாம் என்று சந்தாதாரர் தேர்ந்து சொல்ல வேண்டும். இரவு ஒன்பது முதல் காலை ஒன்பது வரை விளம்பரத் தொல்லை கூடாது என்றார்கள். மீறும் விற்பனையாளருக்கு முதல் முறை 25,000 ரூபாய் தொடங்கி, ஆறாம் முறை 2,50,000 ரூபாய் வரை தண்டம். பார்வைக்குக் கடுமையான விதிகள்தாம்.

அந்த விதிகளையொட்டி நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். பதிவு செய்யாத விற்பனையாளர்கள் சாதாரண எண்களிலிருந்து குறுஞ்செய்திகளைக் கொட்டுகிறார்கள் என்று, 2011 செப்டம்பரில், ஓர் எண்ணிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று ஆணையம் வரம்பு கட்டியது. பிறகு அது 200 ஆயிற்று. வணிகரை நிறுத்த வழி தெரியாதபோது குடிமக்களின் பேச்சுக்குப் பங்கீட்டு அட்டை கொடுத்தார்கள். தனிப்பட்ட செய்திகளுக்கு இவ்வாறு வரம்பு விதிப்பது செல்லாது என்று 2012 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லைப்படுகிறவரையும் தொல்லை தருகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தும் மனப்பான்மை அந்த வரம்போடு ஒழிந்ததா என்பது வேறு கேள்வி.

2018 ஜூலையில் மூன்றாவது தொகுதி வந்தது. இம்முறை பிளாக்செயின் என்ற பெரும்பெயர். நிறுவனங்கள் தங்கள் பெயரையும், அனுப்பும் செய்தியின் வார்ப்பையும், பெற்ற இசைவையும் மின்னேடுகளில் பதிந்துவைக்க வேண்டும். பதிவோடு ஒத்துப்போகாத செய்தி வடிகட்டப்படும். கருத்தளவில் நல்ல ஏற்பாடு. அந்த வடிகட்டலை 2021 மார்ச் 8 அன்று முழுமையாகத் தொடங்கியபோது, வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண்கள் உட்பட, வேண்டிய செய்திகளே நின்றுபோயின. மறுநாளே ஏழு நாட்களுக்கு அதை நிறுத்திவைத்தார்கள். நிறுவனங்கள் தங்கள் வார்ப்புகளை ஒழுங்காகப் பதியவில்லை என்பதே காரணம். மூன்றாண்டுக் காலம் பதியாமல் இருந்தவர்களுக்கு அவகாசம் நீட்டப்பட்டது. மூன்று நாள் கழித்துப் புகார் சொல்ல வந்த சந்தாதாரருக்கோ, காலம் கடந்துவிட்டது என்று கதவு சாத்தப்பட்டது. அன்றைய விதியில் புகாருக்குக் கெடு மூன்றே நாள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இசைவுப் பதிவேடு. எந்த நிறுவனத்துக்கு, எதற்காக இசைவு தந்தேன் என்பதை ஒரே இடத்தில் பார்த்து, வேண்டாதபோது திரும்பப் பெறும் வசதி. 2018இல் விதியாகிவிட்டது. 2023 ஜூனில் அதை அமைக்கும்படி நிறுவனங்களுக்கு ஆணை போனது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியுடன் சேர்ந்து, தேர்ந்தெடுத்த சில வங்கிகளோடு முன்னோட்டம் தொடங்குவதாக அறிவித்தார்கள். ஏழாண்டுகளுக்குப் பின் முன்னோட்டம்! மறுப்பதற்கான ஏடு முதல் ஆண்டிலேயே தயாரானது. சம்மதத்துக்கான ஏடு இன்னும் அச்சகத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகளின் முன்னுரிமை எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால், 2025 பிப்ரவரித் திருத்தம் சில நல்ல மாற்றங்களைச் செய்திருக்கிறது. புகாருக்கான கெடு மூன்று நாளிலிருந்து ஏழு நாளானது. பதிவு செய்யாத விற்பனையாளர் மீது நடவடிக்கை எடுக்க முன்பு முப்பது நாள். இப்போது ஐந்து நாள். ஏழு நாளில் பத்துப் புகார் என்ற வரம்பு, பத்து நாளில் ஐந்து புகார் என்று தளர்ந்தது. அத்தகையோர் மீது புகார் செய்ய, விருப்பப் பதிவேட்டில் முன்பே பெயர் கொடுத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணப் பத்திலக்க எண்களை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. விளம்பரத்துக்கு 140 என்றும் சேவைக்கு 1600 என்றும் தொடங்கும் எண்களே. தொல்லையின் அளவைக் குறைத்துக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கு இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் எனத் தண்டம்.

இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். புகாரைப் பெற்று விசாரிப்பது தொலைபேசி நிறுவனம். மொத்தமாகச் செல்லும் வணிகச் செய்திகளால் வருவாய் பெறுவதும் அதே நிறுவனம். கணக்கைக் குறைத்துக் காட்டினால் தண்டம் என்று விதி எழுத வேண்டியிருக்கிறது என்றால், வேலிக்குக் காவல் வைத்தவரை ஆணையமே எவ்வளவு நம்புகிறது என்பது தெரிகிறது. 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும், பதிவு பெறாத விற்பனையாளர்கள் மீது 7.9 லட்சத்துக்கு மேல் புகார்கள் வந்ததாக ஆணையம் சொன்னது. புகார் செய்யும் வழி தெரிந்து, பொறுமையும் இருந்தவர்களின் கணக்கு அது. மற்றவர்கள் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். விதியின் கணக்கில் அவர்கள் மௌனம் காப்பவர்கள்.

*

மறுப்பதற்குத்தான் வழி இருக்கிறதே, எளிதானதுதானே என்று கேட்கலாம். 1909 என்ற எண்ணுக்கு 'ஃபுல்லி பிளாக்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். அந்த எண்ணை அழைக்கலாம், செயலியும் உண்டு. கட்டுரை படிக்கிறவர்களுக்கு இது எளிது. ஆடு மேய்க்கும்போது இடுப்பில் செருகிய சிறு கைபேசி ஒலிக்க, மகன்தான் வெளியூரிலிருந்து பேசுகிறான் என்று எடுத்து, புரியாத மொழியில் கடன் அட்டை பற்றிக் கேட்கிற பெண்மணியை எண்ணிப் பாருங்கள். அவர் எப்போது, எந்த மொழியில், யாரிடம் 'சரி' என்றார்? எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அவர் செய்த ஒரே செயல்.

கடைகளில் நடப்பது இன்னொரு வகை. துணிக்கடையில் பணம் கட்டும் இடத்தில் "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார்கள். கேள்வி போன்ற தொனி கூட இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, குழந்தை அழுகிறது, பத்து எண்கள் வாயிலிருந்து தாமாக விழுகின்றன. அதுவே பிறகு 'வாடிக்கையாளர் விரும்பித் தந்த தகவல்' ஆகிறது. விற்பனையின்போது எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியது. அறிவுரை அறிவுரையாகவே இருக்கிறது. வரிசையில் கேள்வி மாறவில்லை.

இத்தனைக்கும், சம்மதம் என்றால் என்ன என்று நம் நாடாளுமன்றம் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு என்பது தடையின்றித் தரப்பட்டதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்து தந்ததாக, நிபந்தனை அற்றதாக, ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். தெளிவான ஒரு செயலால் அது வெளிப்பட வேண்டும். சும்மா இருப்பது செயல் ஆகாது. அந்தச் சட்டத்தில் ஒரு சிறுகதை போன்ற எடுத்துக்காட்டும் உண்டு. ஒருவர் மருந்துக்கடையில் மருந்து வாங்குகிறார். பணம் பெற்றதற்கான ரசீதை அனுப்பும்படி தன் எண்ணைத் தருகிறார். கடைக்காரர் அந்த எண்ணை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். கதை அவ்வளவுதான். அதே எண்ணுக்கு அடுத்த மாதம் சத்து மாவு விளம்பரம் அனுப்பலாம் என்று அந்தக் கதை சொல்லவில்லை.

அதே சட்டத்தில் நமக்கு நெருக்கமான இன்னொரு பிரிவு இருக்கிறது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதாவது, தமிழில் கேட்டுப் பெறாத சம்மதத்தை நாளை ஒரு தமிழர் சம்மதமே அல்ல என்று வாதிட இடம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இசைவு பற்றிய முதன்மைப் பிரிவுகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒரே நாட்டில் ஒரு சட்டம் 'வாய் திறந்து சொன்னால்தான் சம்மதம்' என்கிறது. இன்னொரு விதித்தொகுதி 'வாய் திறந்து மறுக்காவிட்டால் சம்மதம்' என்ற தரையில் நிற்கிறது. இரண்டில் ஒன்று போயாக வேண்டும். எது போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

*

இனி நான் அறிந்த துறையைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுப் பெற்றோரின் கைபேசிகள் ஓய்வதில்லை. "உங்க பையன் நல்ல மார்க் எடுத்திருக்கான், எங்க காலேஜ்ல சேர்த்துருங்க." பையனின் பெயர், பள்ளி, படித்த பிரிவு எல்லாம் அழைப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளியில் ஏதோ ஒரு படிவத்தில் பெற்றோர் எழுதிக் கொடுத்த எண் எத்தனை கை மாறி அங்கே சேர்ந்தது என்று எவரும் சொல்வதில்லை.

அழைப்பவர் யார் என்பதுதான் கொடுமை. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அவர் ஒரு விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம். கோடை விடுமுறையில் அவர் கையில் ஒரு பட்டியல் தரப்படுகிறது. இத்தனை மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கும் தரப்படுகிறது. சேர்க்காவிட்டால் ஜூன் மாதத்தில் வேலை இருக்குமா என்பது கேள்வி. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவர், ஒரு நாளில் நாற்பது வீடுகளின் எரிச்சலை வாங்கிக்கொள்கிறார். கல்லூரி அதற்கெனத் தனி எண் எடுப்பதில்லை. அவருடைய சொந்தக் கைபேசி, சொந்த எண்.

விதியை இப்போது இங்கே பொருத்திப் பாருங்கள். கல்வி என்பது ஆணையம் வகுத்த விளம்பர வகைகளுள் ஒன்று. சொந்தப் பத்திலக்க எண்ணிலிருந்து அந்த அழைப்பைச் செய்கிறவர், விதியின் மொழியில், பதிவு பெறாத விற்பனையாளர். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்து மீறல் என உறுதியானால், முதல் முறை பதினைந்து நாட்கள் அந்த எண்ணிலிருந்து வெளியே பேச முடியாது. மீண்டும் நேர்ந்தால் ஓராண்டுக்கு இணைப்புகள் துண்டிக்கப்படும். வங்கிக் கணக்கும் ஆதாரும் குடும்பமும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. கல்லூரி அடுத்த விரிவுரையாளரிடம் அடுத்த பட்டியலைக் கொடுக்கும்.

விதிகளில் 'அனுப்புநர்' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் வரையறையைப் படித்தால் வியப்பு ஏற்படும். எண்ணுக்கு உரியவர் மட்டுமல்லர். அழைக்கச் செய்தவர், அழைக்க அனுமதித்தவர், யாருடைய பொருளோ சேவையோ விற்கப்படுகிறதோ அவர் எல்லோரும் அனுப்புநரே. மிகச் சரியான வரையறை. இலக்கணத்தில் இயற்றும் கருத்தாவோடு ஏவும் கருத்தாவும் உண்டல்லவா? 'கோயிலை அரசன் கட்டினான்' என்றால் அரசன் கல் சுமந்தான் என்று நாம் பொருள் கொள்வதில்லை. விதியை எழுதியவர் ஏவும் கருத்தாவை மறக்கவில்லை. ஆனால் புகார் எண்ணில் தொடங்குகிறது. எண்ணின் மீது எண்ணப்படுகிறது. எண்ணைத் துண்டிப்பதில் முடிகிறது. 2024 ஆகஸ்டில் வந்த கடுமையான ஆணையை அடுத்துச் சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கறுப்புப் பட்டியலில் சேர்ந்த நிறுவனங்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். கல் சுமந்தவர்கள் லட்சக்கணக்கில் அகப்படுகிறார்கள். அரசர்கள் ஐம்பது பேர்.

*

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை.

முதலாவது, பிழைப்பு. இந்த அழைப்புகளை நம்பி ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், டெலிகாலர் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்கள் கேட்கும் வசவுகளைக் காதால் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பட்டம் பெற்று வெளியேறும் என் மாணவிகளில் சிலர் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். வேண்டாதவரை அழைக்கும் வேலையில் தொண்ணூறு பங்கு அவமதிப்பு. விரும்பிக் கேட்டவரை மட்டும் அழைக்கும் முறை வந்தால் அழைப்புகள் குறையும், உண்மை. மிஞ்சுகிற வேலையாவது மனிதர் செய்கிற வேலையாக இருக்கும். அதற்குள் பதிவுசெய்த குரல்களும் இயந்திரக் குரல்களும் அந்த நாற்காலிகளில் அமர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பிழைப்பைப் பறிப்பது விதி அல்ல.

இரண்டாவது, வணிகப் பேச்சுரிமை. விளம்பரமும் பேச்சுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் டாடா பிரஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த வழக்கு எதைப் பற்றியது என்பதுதான் சுவையானது: வணிகர்களின் விளம்பரங்களைத் தொகுத்து அச்சிட்ட, மஞ்சள் பக்கங்கள் எனப்படும் தொலைபேசிக் கையேடு. குழாய் ரிப்பேருக்கு ஆள் வேண்டியவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போய்ப் புரட்டினார். புத்தகம் அவரை மதியத் தூக்கத்தில் எழுப்பவில்லை. பேசும் உரிமை வணிகருக்கு உண்டு. கேட்டே தீர வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. தொலைபேசி உரையாடல் அந்தரங்கத்தின் பகுதி என்று 1996இல் ஒட்டுக்கேட்பு வழக்கிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்விலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது, கதவு வீட்டாருடையது என்ற பழைய முடிவுக்கே வந்து சேர்கிறோம்.

மூன்றாவது, தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. எண்ணைத் தடுக்கலாம், சந்தேக அழைப்பு என்று கைபேசியே எச்சரிக்கும். தடுத்த எண்ணுக்குப் பதில் பத்து எண்கள் கிடைப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய குறை, இந்த நம்பிக்கை சுமையை மறுபடியும் தொல்லைப்படுகிறவர் தோளிலேயே ஏற்றுகிறது. கொள்ளை நடக்கும் ஊரில் பூட்டு விற்பதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு அல்ல.

*

என்ன செய்ய வேண்டும்? நான்கு மாற்றங்கள் போதும்.

பதிவு செய்யாத சந்தாதாரர் 'வேண்டாம்' என்றவராகவே கொள்ளப்பட வேண்டும். வேண்டும் என்பவர் பதிவு செய்யட்டும். விளம்பரங்கள் மக்களுக்குப் பயன்படுகின்றன என்று வணிகர்கள் உண்மையில் நம்பினால், அந்தப் பதிவேடு நிரம்பி வழியும் என்று அவர்கள் அஞ்சாமல் இருக்கலாம்.

சம்மதம் இருந்தது என்று நிறுவும் கடமை அழைத்தவருடையதாக வேண்டும். எந்த நாளில், எங்கே, எந்த மொழியில் கேட்டு, என்ன பதில் பெற்றார் என்று அவர் காட்டட்டும். சம்மதிக்கவில்லை என்று நிறுவும்படி நம்மைக் கேட்பது, நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கேட்பதாகும்.

புகார் எண்ணிலிருந்து தொடங்கினாலும், விற்கப்படும் பொருளுக்கு உரியவரிடம்தான் முதல் தண்டம் போக வேண்டும். வரையறை ஏட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும்.

நான்காவது, தண்டத்தில் ஒரு பங்கு தொல்லைப்பட்டவருக்குச் சேர வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் தண்டம் நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்; நமக்குக் கிடைப்பது புகார் எண் மட்டும். அமெரிக்காவில் 1991இல் இயற்றிய தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விதி மீறிய ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர் கேட்டுச் சந்தாதாரரே வழக்குத் தொடர வழி செய்கிறது. தெரிந்தே மீறினால் அது 1,500 டாலர் வரை உயரும். அதனால் அங்கே தொல்லை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. இயந்திர அழைப்புகள் அங்கும் பெருந்தலைவலிதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தொல்லைப்பட்டவர் வழக்கில் ஒரு கட்சிக்காரர். இங்கே தகவல் தருபவர். நம் நேரத்துக்கும் அமைதிக்கும் நாமே உரியவர்கள் என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்வது அந்தத் தொகையைவிடப் பெரிது.

இதை அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத எண்ணை எடுக்காதே என்று நாம் நம் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். விளம்பர இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் வந்த பிறகு வேறு வழியும் இல்லை. ஆனால் தெரியாத எண் என்பது விபத்து நடந்த இடத்திலிருந்து யாரோ ஒரு நல்லவர் தம் கைபேசியில் பேசுவதாகவும் இருக்கலாம். பேருந்தைத் தவறவிட்ட மகள் பெட்டிக்கடைக்காரரிடம் கைபேசி கேட்டு வாங்கி அழைப்பதாகவும் இருக்கலாம். ரத்தம் கேட்டு மருத்துவமனையிலிருந்து வரும் குரலாகவும் இருக்கலாம். அந்த மணி அடித்து ஓய்கிறது, எவரும் எடுப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் நம்மை அழைத்தால் ஏதோ தேவைக்காகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இந்தச் சமூகத்தின் பொதுச் சொத்து. அதைத்தான் அழைப்பொன்றுக்குச் சில காசு என்று விற்றுக்கொண்டிருக்கிறார்கள். விற்க அவர்களுக்கு அனுமதி தந்தது யார் என்று கேட்டால், நாம்தான் என்கிறது விதி. நாம் பேசாமல் இருந்தோமாம்.